கணக்குக் கேட்கும் ஒருவர்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரத்துக்கு முன்னால் ஒரு நிலையத்தில் நிற்கும். பெயர் தாம்பரம் சானடோரியம். அங்கே தினமும் இறங்கி மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு பேட்டையின் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயர் ஓர் ஆஸ்பத்திரியால் வந்தது. காசநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலத்தில், 1928ல், டாக்டர் சௌரி முத்து நல்ல காற்றும் ஓய்வும் நோயாளியைத் தேற்றும் என்ற நம்பிக்கையில் இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மனசுக்குள் எடுத்த முடிவை நாலு பேரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு காரியத்தைப் பார்ப்பதா என்ற பழைய கேள்விக்கு விடை தேட இந்த நிலையத்தில் இறங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் காசநோய் சிகிச்சை அளவுக்கு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய துறை வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

மருந்துகள் வந்த பிறகு, 1956ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது. சானடோரியத்தில் படுக்கை, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு என்று வைத்திருந்தவர்களையும், நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் அந்த மையம் ஒப்பிட்டது. 1959ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பியதும் புதிய தலைவலி ஒன்று கூடவே வந்தது. இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறியதும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முழுதாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும்தான் இருந்தது. எண்ணத்துக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை அடைக்க மருத்துவர்கள் கண்ட வழி எளிமையானது: இன்னொருவர் முன்னால் மாத்திரையை விழுங்குவது. சென்னை ஆய்வுகளில் வளர்ந்த இந்த யோசனை 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் 'டாட்ஸ்' முறையில் இடம்பிடித்து, 1997 முதல் இந்தியாவின் தேசியத் திட்டத்திலும் வந்தது.

அந்த இன்னொருவர் யார் என்பதற்குத் திட்டத்தில் நிபந்தனைகள் இருந்தன. நோயாளி எளிதில் போய்ச் சேரக்கூடியவராக இருக்க வேண்டும். நோயாளி மனம் ஒப்பி ஏற்பவராக இருக்க வேண்டும். சுகாதாரத் துறைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் தொடக்க கால விதி; பின்னால்தான் அது தளர்ந்தது. அங்கன்வாடி ஊழியராக இருக்கலாம், தெருமுனைக் கடைக்காரராகக்கூட இருக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, தெருவுக்கு எதுவும் தெரியாது என்பது. காசநோய் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு கிடைக்காது. அதனால் நோயாளி ஊரிடம் மறைத்தார், ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னார். அந்த ஒருவரிடம் நோயாளியின் பெயர் எழுதிய மருந்துப் பெட்டியும், எத்தனை வேளை முடிந்தது என்று குறிக்கிற அட்டையும் இருந்தன. சொல்லலாமா கூடாதா என்று நாம் போடும் பட்டிமன்றத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. கேட்டவர் கையில் ஓர் அட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். என் கட்சி இதுதான்: நம்முடைய இலக்குகளை நாம் பெரும்பாலும் பாராட்ட மட்டுமே முடிந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கணக்குக் கேட்கக்கூடியவர்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறோம். தலைகீழாகச் செய்தால் பலன் உண்டு.

மறைப்பதற்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தைச் சொல்வதில்லை. பேசி முடிக்கும்வரை சம்பந்தத்தைச் சொல்வதில்லை. முடிச்சூரிலோ கூடுவாஞ்சேரியிலோ மனை பார்த்தால் பத்திரம் பதியும்வரை மூச்சு விடுவதில்லை. கட்டுகிற வீட்டை மட்டும் மறைக்க முடியாது என்பதால் அதற்கு ஒரு திருஷ்டி பொம்மை. இவற்றைக் கண்ணேறு என்று சொல்லிச் சிரித்துவிடலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒவ்வொன்றிலும் நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கும். மனை விஷயம் வெளியே தெரிந்தால் இன்னொருவர் விலையை ஏற்றிவிடுவார்; சம்பந்தம் தெரிந்தால் யாராவது போய் ஏதாவது சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் கெடுக்க முடிகிற காரியங்கள் இவை. எடையைக் குறைப்பது, தேர்வுக்குப் படிப்பது, குடியை விடுவது, கடனை அடைப்பது போன்றவற்றை எதிர்வீட்டுக்காரர் கெடுக்க முடியாது. அவற்றைக் கெடுக்கக்கூடியவர் நாமேதான். திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரம், ஒரு செயல் முடிந்த பிறகு வெளிப்படுவதே உறுதி என்றும் இடையில் வெளிப்பட்டால் தீராத துன்பம் என்றும் சொல்கிறது. அந்தத் துன்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

உள்ளிருந்து வரும் துன்பத்தைச் சோதித்துப் பார்த்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். 2009ல் அவரும் கூட்டாளிகளும் நான்கு சோதனைகளை வெளியிட்டார்கள். தங்கள் துறையில் சிறந்தவராக வேண்டும் என்று விரும்பும் மாணவர்கள், அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதினார்கள். ஒரு பாதிப்பேர் எழுதியதை ஆய்வாளர் படித்துப் பார்த்தார். மறுபாதிப்பேருடையதை யாரும் பார்க்கவில்லை. பிறகு அந்த இலக்குக்கு உதவும் வேலையைக் கொடுத்து, விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் பார்க்காதவர்கள் நீண்ட நேரம் உழைத்தார்கள். எண்ணம் பார்க்கப்பட்டவர்கள் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். கோல்விட்சரின் விளக்கம் நமக்குப் புரியாததல்ல. 'நான் வக்கீலாகப் போகிறேன்' என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டதுமே, வக்கீலானதன் ஒரு சின்னத் துண்டு கைக்கு வந்துவிடுகிறது. பசி கொஞ்சம் அடங்கிவிடுகிறது. இந்தச் சோதனைகள் சிறியவை. எல்லாம் சேர்த்து இருநூறு பேர்கூட இல்லை. அவற்றை மட்டும் வைத்து வாயைத் தைத்துக்கொள்ளச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் அதில் உள்ள ஒரு நுட்பத்தை விடக் கூடாது. 'ஆகப்போகிறேன்' என்ற வகை இலக்குகளில்தான் அந்த விளைவு தெரிந்தது. அதாவது செய்கிற வேலையைவிட, அடைகிற அடையாளம் பெரிதாக இருக்கும் இடத்தில்.

தாம்பரம் சுற்று வட்டாரத்தில் அந்த வகை இலக்குக்குப் பஞ்சமில்லை. 2022 ஜூலையில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. தமிழகம் முழுவதும் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். முந்நூறு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்கு இடம். பல்லாவரத்திலோ சேலையூரிலோ ஒரு பையன் தேர்வுக்குப் படிக்கிறான் என்று தெரிந்த அன்றே உறவு முழுக்க அவனை 'ஆபீசர்' என்று கூப்பிடத் தொடங்கிவிடும். கல்யாண வீட்டில் சித்தப்பா தோளில் தட்டுவார், பக்கத்து வீட்டு அக்கா கைகொடுப்பார். இந்த மரியாதை எதுவும் அவன் படித்த பாடத்துக்கு வந்ததில்லை. வாங்கிய மரியாதை தோற்ற பிறகு கடனாகத் திரும்பி வரும் என்பது இன்னும் கொடுமை. முதல் முயற்சியில் வராதவனிடம் ஒவ்வொரு விசேஷத்திலும் 'என்னாச்சு தம்பி?' என்று கேட்கிறவர்கள் கணக்குக் கேட்கிறார்களே என்று சொல்லலாம். அது கணக்கு ஆகாது. இந்த வாரம் எத்தனை பாடம் முடிந்தது, மாதிரித் தேர்வில் எந்தப் பகுதியில் மார்க் போனது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்பது முடிவை மட்டும். முடிவு அவன் கையில் இல்லை. படிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கார்த்திகை பிறந்தால் ஜி.எஸ்.டி. சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி. மாலை போட்ட ஐயப்ப பக்தர் தன் விரதத்தை ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் நடக்கிறார். உடையே அறிவிப்பு. ஆனால் குடிக்காமல், புகைக்காமல், அசைவம் தொடாமல் நாற்பத்தொரு நாளை ஒழுங்காக முடிக்கிறார்; வேறு நாட்களில் டாஸ்மாக் வாசலைத் தாண்ட முடியாதவர்கூட முடிக்கிறார். சொன்னால் பசி அடங்கிவிடும் என்றால் இது எப்படி? மாலையைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். மாலை போட்டதற்காக யாரும் அவரைக் கொண்டாடுவதில்லை. 'சாமி' என்று கூப்பிடுவது பாராட்டைப் போலத் தோன்றினாலும் அது ஒரு கெடுபிடி; அப்படிக் கூப்பிடப்பட்டவர் அடுத்த நொடி கெட்ட வார்த்தை பேச முடியாது. அந்த உடையில் மதுக்கடைப் பக்கம் ஒதுங்கினால் பார்க்கிற எவரும் கேட்டுவிடலாம். காலையும் மாலையும் குளித்து சரணம் சொல்வது வருகைப் பதிவு மாதிரி. மேலே குருசாமி இருக்கிறார். இருமுடி கட்டி அனுப்புகிறவர் அவர்தான். தேதியும் எல்லையும் உண்டு. இலக்கின் பெருமை பயணம் முடிந்த பிறகுதான், நடுவில் கிடைப்பது கண்காணிப்பு மட்டும்தான். மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகும் பெண்களின் விரதத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறவர்களும் உண்டு என்பது விரதத்தின் குறையாகச் சொல்லப்படுகிறது. என் பார்வையில் அதுவும் ஒரு சாட்சி. வைராக்கியம் அந்த ஆளோடுதான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கேட்கிற கண்கள் மட்டும் வரவில்லை.

இதைவிடச் சுத்தமான உதாரணம் சீட்டு. மாதம் ஐயாயிரம் சீட்டுக் கட்டுகிற பெண்மணி எதற்காகக் கட்டுகிறார் என்று சீட்டுப் பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மகளுக்கு நகையாக இருக்கலாம், வீட்டுக்காரருக்கே தெரியாத ஒரு மனையாக இருக்கலாம். இலக்கு முந்தானை முடிச்சில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாம் தேதி பணம் வரவில்லை என்றால் வாசலில் ஆள் நிற்கும், சீட்டுச் சேர்ந்த மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். கனவு ரகசியம், தவணை பகிரங்கம். பணத்தோடு ஓடிப்போகும் சீட்டுக்காரர்கள் இல்லாமலிருந்தால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது. மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதே அச்சில் வார்த்தவைதான். 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகம் முழுக்கப் பரவிய அந்தக் குழுக்களில் உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். அங்கே யாரும் தன் கனவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை.

பக்கத்து மாநிலத்தில் இதை முறையாகவே சோதித்திருக்கிறார்கள். எமிலி பிரெசா, அருண் சந்திரசேகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் 60 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. சேமிக்க விரும்பியவர்கள் ஆளுக்கொரு தொகையைத் தாங்களே இலக்காக வைத்துக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் அதே ஊர்க்காரர் ஒருவர் கண்காணிப்பாளர். சேமிப்பு எவ்வளவு வந்திருக்கிறது என்ற தகவல் அவ்வப்போது அவருக்குப் போகும். அவர் திட்ட வேண்டியதில்லை, அபராதம் போட வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும். கண்காணிப்பாளர் இருந்தவர்களின் மொத்தச் சேமிப்பு, இல்லாதவர்களைவிட 36 சதவிகிதம் கூடியிருந்தது. ஊரில் பலரோடு பழக்கம் உள்ளவரும், சேமிப்பவர் அடிக்கடி முகம் பார்க்க வேண்டியவரும் கண்காணிப்பாளராக அமைந்த இடத்தில் பலன் இன்னும் நன்றாக இருந்தது. சிலி நாட்டில் 2,687 சிறு தொழில் செய்வோரிடம் நடந்த சோதனை இன்னொரு படி மேலே போனது. இலக்கை அறிவித்துவிட்டு, கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்காணித்த குழுக்களில், பணம் போடும் தடவைகள் மூன்றரை மடங்காக உயர்ந்தன. வட்டியைக் கணிசமாகக் கூட்டிக் கொடுத்தும் பெரும்பாலானவர்களிடம் அசைவில்லை. பிறகு கூட்டத்தையே எடுத்துவிட்டு, இந்த வாரம் போட்டீர்களா இல்லையா என்ற குறுஞ்செய்தியை மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே பலன். எனக்கு இதில் பிடித்தது இந்தக் கடைசிச் செய்திதான். கைதட்டுகிற கூட்டம் போன பிறகும், கேட்கிற கேள்வி தன் வேலையைச் செய்திருக்கிறது.

யாரிடம் என்ற கேள்விக்கு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் க்ளைன் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குறிப்பு இருக்கிறது. மாணவர்களுக்குக் கணினியில் ஒரு சலிப்பூட்டும் வேலை. சிலர் தங்கள் இலக்கை, கோட்டு சூட்டோடு அந்தத் துறையில் தேர்ந்தவராக அறிமுகமானவரிடம் சொன்னார்கள். சிலர் சாதாரண உடையில் வந்த, தங்களைவிட மேலானவராகத் தெரியாத ஒருவரிடம் சொன்னார்கள். கேட்டவர் ஒருவரே, மாறியது உடையும் அறிமுகமும்தான். மதிப்புள்ளவராகத் தெரிந்தவரிடம் சொன்னவர்கள் இலக்கில் உறுதியாக நின்றார்கள், நன்றாகவும் செய்தார்கள். மற்றவரிடம் சொன்னதற்கும் யாரிடமும் சொல்லாமலிருந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாம் யாருடைய மதிப்பை இழக்க அஞ்சுகிறோமோ அவரிடம் சொல்வதற்குத்தான் வலு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'உடற்பயிற்சி: நாள் 1' என்று போட்டால் நூறு கட்டைவிரல் வரும். நாள் 9 எங்கே என்று அந்த நூறு பேரில் ஒருவரும் கேட்க மாட்டார். அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. ரகசியமாக இலக்கு வைத்துக்கொள்வது தனி அறை உள்ளவர்களுக்குச் சரி. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உள்ள பெருங்களத்தூர் வீட்டில் ஒரு பெண் தேர்வுக்குப் படிப்பதென்றால், விடியற்காலை நேரத்தை அடுப்பிடமிருந்து பறித்தாக வேண்டும். வீட்டில் சொல்லாமல் அது எப்படி நடக்கும்? நடக்காதுதான். ஆனால் வீட்டில் சொல்ல வேண்டியது எது என்று பார்க்கலாம். 'நான் அதிகாரியாகப் போகிறேன்' என்று சொன்னால் வீடு அதற்கு ஆதரவோ கேலியோ தரும். இரண்டாலும் ஒரு பக்கம்கூட நகராது. 'ஐந்திலிருந்து ஏழு வரை என்னைக் கூப்பிடாதீங்க, டிபன் நீங்க பார்த்துக்குங்க' என்பது வேறு வகைப் பேச்சு. அது உதவி கேட்பது. கொடுத்தார்களா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும். கணக்கு ஒப்பிப்பதற்கு அவர் வேறு ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். பயிற்சி மையத்தில் கூடப் படிப்பவர், பழைய ஆசிரியை, நூலகத்தில் எதிரே உட்காருபவர் யாராகவும் இருக்கலாம். வீட்டு ஆளைக் கண்காணிப்பாளராக வைக்காத காசநோய்த் திட்டத்தின் பழைய விதி இங்கேயும் பொருந்துகிறது. பாசம் உள்ள இடத்தில் ஒரு வேளை தவறினால் 'பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று வந்துவிடும். சில வீடுகளில் நேர்மாறாக அது குத்தலாக மாறும். இரண்டும் அட்டையில் குறிக்க உதவாது.

கண்காணிப்பு என்று சொன்னாலே போலீஸ் நினைவு வருகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கம் சான்றும் இருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்று மாத்திரை கொடுப்பதையும், நோயாளி தானே சாப்பிடுவதையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்த கோக்ரேன் ஆய்வு 2015ல் வந்தது. பார்ப்பதால் மட்டும் குணமாவோர் கூடியதாக அதில் தெளிவாகத் தெரியவில்லை. என் வாதத்தின் அடித்தளமே இதனால் ஆட்டம் கண்டுவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி வேலையை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, முகம் தெரியாத ஊழியர் முன் விழுங்க வேண்டும் என்றால், கண்காணிப்பு என்ற பெயரில் அவர் மீது இன்னொரு சுமைதான் ஏறுகிறது. எளிதில் சேரக்கூடியவர், மனம் ஒப்பியவர் என்ற நிபந்தனைகள் காகிதத்திலேயே நின்றுவிட்டால் பார்க்கிற கண்ணால் பயனில்லை. கேட்பவர் நாம் தேர்ந்தவராக இருக்க வேண்டும், கேட்பது சிறியதாக இருக்க வேண்டும், அடிக்கடி இருக்க வேண்டும். 138 ஆய்வுகளில் ஏறத்தாழ 20,000 பேரின் முடிவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்து பார்ப்பதே இலக்கை அடைய உதவுகிறது. அளந்ததை எழுதி வைத்தாலும் பிறருக்குத் தெரிவித்தாலும் இன்னும் கூடுதலாக உதவுகிறது. அங்கே தெரிவிக்கப்படுவது நடந்த தூரம். நடக்கப்போகும் தூரம் இல்லை.

முழு ரகசியத்தை நான் ஏன் சிபாரிசு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் தெரியாத இலக்கைக் கைவிடுவதும் யாருக்கும் தெரியாது. ஜனவரியில் வைத்த முடிவு பிப்ரவரியில் செத்தால் இழவுக்கு ஆள் வராது. 'அமைதியாக வேலையைச் செய்கிறேன்' என்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேலையைத் தொடங்கினார்கள் என்று எண்ணிப் பார்க்க வழியே இல்லை. அந்த வசதிக்காகவே சிலர் ரகசியத்தை விரும்புகிறார்கள். 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே பெயர் வெளியே போகாது. ஆனால் கூட்டத்துக்குள் ஒருவர் எழுந்து, தான் குடிக்காமலிருந்த நாட்களைச் சொல்கிறார். இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்ற சபதம் அங்கே கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் என்பதுதான் அவர்களின் அளவு.

அடுத்த குரூப் 4 அறிவிப்பு வரும்போதோ, மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும்போதோ, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுக்கும். அந்த நேரத்தில் எதிரே இருப்பவரை ஒருமுறை பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்து 'இந்த வாரம் என்ன ஆச்சு?' என்று கேட்பாரா? கேட்பார் என்றால் சொல்லுங்கள், தேதியும் கொடுத்துவிடுங்கள். 'சூப்பர்!' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் என்றால், மழையைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.